வெட்டி எடுத்தவர்கள் வந்து தங்கிய வீடு

ஸ்டூடியோவில் படம் திருத்தும் டச்சப் அக்கா படங்களிலிருந்து வெட்டி எடுத்த ஆட்கள் எல்லோரும் அன்றன்றைக்குச் சாயங்காலமே அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்தவர் கோட்டு போட்ட ஒரு மனிதர். மழைநாள். அவள் குடையை உதறி மடக்கிவிட்டுக் கதவைத் திறந்தபோது, அவர் சமையலறை வாசலில், படமெடுக்கக் காத்திருப்பவர்போல நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தார். வெளியே வானம் இருண்டு கிடந்தது; அவருடைய வலது கன்னத்திலோ கடற்கரையின் மத்தியான வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. படத்தில் அது அவர் மனைவியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மனைவி படத்திலேயே தங்கிவிட்டாள். அவரை எடுத்துவிடச் சொன்னதே அவள்தான். திருடன் என்று கத்த வாயைத் திறந்த அக்கா, அவருடைய காதோரத் தலைமுடியைச் சுற்றி மெல்லிய நீலக்கோடு ஒன்று ஓடுவதைப் பார்த்தாள். கடலின் நீலம். அவசர வேலை என்பதால் அந்த ஓரத்தைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் விட்டிருந்தாள். தன் கைவேலையைத் தானே அடையாளம் கண்டுகொண்டபின் பயப்பட என்ன இருக்கிறது? மறுநாள் கடைக்குப் போனதும் அந்த ஃபைலைத் திறந்து, பெரிதாக்கி, ஓரத்தை நிதானமாகத் துடைத்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் அவருடைய காதோரம் சுத்தமாக இருந்தது.

இது அவளுக்கு மட்டும் ஏன் நேர்ந்தது என்பதற்குக் கடையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட காரணம் ஒன்று உண்டு. அவள் எதையும் அழிக்கமாட்டாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆல்பம் வடிவமைக்கும் ஆல்பக்காரர், வேண்டாதவர் முகத்தின்மேல் அப்படியே சுவரைப் பூசி, அதே ஃபைலை சேவ் செய்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் பூசி மறைத்த ஆட்கள் எங்கேயும் போகவில்லை, எங்கேயும் வரவில்லை. அவளுடைய முறை வேறு. வந்த படத்தைத் தொடாமல் முதலில் ஒரு நகல் எடுப்பாள். நகலிலிருந்து ஆளை வெட்டித் தனி லேயரில், படத்தின்மேல் கண்ணாடித்தாள்போலப் படியும் ஒரு அடுக்கில், வைப்பாள். அவர் நின்ற பள்ளத்தைப் பக்கத்திலிருக்கும் சுவரையோ செடியையோ கொண்டு வேறொரு லேயரில் மூடுவாள். பிறகு ஆளின் லேயருக்கு எதிரே இருக்கும் கண் அடையாளத்தை ஒரு தட்டுத் தட்டி மூடிவிடுவாள். ஆள் இருப்பார், தெரியமாட்டார். பிரிண்டுக்குப் போகும் படம் தனி, லேயர்களோடு கூடிய வேலை ஃபைல் தனி. ஃபைலுக்கு 'புதுசு', 'கடைசி', 'கடைசிக்கும் கடைசி' என்றெல்லாம் பெயர் வைக்காமல், தேதியும் வாடிக்கையாளர் தொழிலும் போட்டு வைப்பாள். கடைக் கம்ப்யூட்டரை மட்டும் நம்பமாட்டாள். ஒரே இடத்தில் இருக்கிற ஃபைலை இருக்கிறது என்றே சொல்லக்கூடாது என்பாள். அதனால் தினமும் வீட்டுக்குக் கிளம்புமுன் எல்லாவற்றையும் உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஏற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். ஆட்கள் அதோடுதான் வந்தார்கள்.

"அழிச்சுத் தொலையேன்மா. எதுக்கு இப்படி வச்சுக் கட்டி அழுவுற?" என்பார் ஆல்பக்காரர்.

"அழிச்சா திரும்ப வராது சார்."

"வரக்கூடாதுன்னுதானே தாயே கஸ்டமரே நம்மகிட்ட வராங்க!"

வந்தவர்கள் வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய எல்லா வகையிலும் இருந்தார்கள். பிரிந்துபோன கணவர்கள், வேலையை விட்டுப்போன மேலாளர், நண்பர்களிடையே சண்டை போட்ட ஒருவன், யாருடைய படத்திலோ தெரியாமல் குறுக்கே வந்துவிட்ட வழிப்போக்கர்கள். வேலியோரம் பாதி மறைந்திருந்த சைக்கிள்காரர் ஒருவர் முன்சக்கரம் மட்டும் உள்ள சைக்கிளோடு வந்து, விழாமல் சுவரில் சாய்ந்துகொண்டார். நல்ல கேமராவில் எடுத்த படத்திலிருந்து வந்தவர்களுக்குக் கண்ணிமை முடிகூடத் தெளிவாக இருந்தது. போனுக்குப் போன் அனுப்பி அனுப்பித் தேய்ந்த படங்களிலிருந்து வந்தவர்களின் முகங்கள் கிட்டப் போனால் கட்டம் கட்டமாக உடைந்தன. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தால்தான் சிரிக்கிறார்கள் என்று தெரியும். இதற்குப் பிறகே அவள் கடைக்கு வருகிறவர்களிடம், படத்தை அப்படியே அனுப்பாதீர்கள், டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள், இல்லையென்றால் போனையே கொண்டுவாருங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்ல ஆரம்பித்தாள். யாருக்காவது கை போயிருந்தால், தோள் போயிருந்தால், மதிய இடைவேளையில் உட்கார்ந்து வரைந்து கொடுத்தாள். கோட்டுக்காரருக்கு அவருடைய வலது கையையே திருப்பிப் போட்டு இடது கை செய்தாள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்க்க மறந்துவிட்டதால் அந்தக் கையில் மட்டும் வெயில் தப்பான பக்கத்திலிருந்து அடித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் யாருமே ஒன்றும் சொல்லவில்லை; சாப்பிடவும் இல்லை. அவரவர் படத்தின் வெளிச்சத்தை அவரவர் உடம்பில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். கரண்ட் போனால் மத்தியானப் படத்து ஆட்களைச் சமையல் மேடைப் பக்கம் நகர்த்திக்கொண்டு அவள் காய் நறுக்குவாள்.

கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா ஒருநாள் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"ஏம்மா, ஒரு ஆளுன்னு சொல்லித்தானே வீடு எடுத்தே? சந்தை கணக்கா நிக்குது ஜனம்."

"அவங்க தண்ணி புழங்க மாட்டாங்கம்மா."

"குளிக்க?"

"மாட்டாங்க."

"துணிமணி தோய்க்க?"

"ஒரே துணிதான். அழுக்காகாது."

வீட்டுக்காரம்மா கோட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ இருந்துட்டுப் போகட்டும். மொட்டை மாடிக்கு மட்டும் ஏத்திடாதே, தளம் ஒழுகுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அத்தோடு அந்தத் தெருவில் அந்தப் பேச்சு முடிந்தது.

அக்காவுக்கு ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. அது சண்டை சச்சரவு இல்லாமல், குழாயில் தண்ணீர் வருவது குறைந்து குறைந்து ஒருநாள் நின்றுபோவதுபோல முடிந்தது. பிறகு கொஞ்ச காலம் அண்ணன் வீட்டில் இருந்தாள். அங்கே யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. அவள் அறைக்குள் வந்தால் பேச்சு மட்டும் வேறொன்றுக்கு மாறும். அண்ணி நல்லவள், கூடுதல் தட்டு ஒன்றை எடுத்து வைக்கும்போது மட்டும் அந்தத் தட்டு கொஞ்சம் சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கு ஒரு அர்த்தம் உண்டா இல்லையா என்று யோசித்து யோசித்தே அவளுக்கு வருடங்கள் போயின. மாடி வீட்டுக்கு மாறிய பிறகு அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்தான், பிறகு மாதத்துக்கொருமுறை, பிறகு அவள் செய்தால் எடுத்தான். பிறகு வேலை மாற்றலில் வேறு ஊருக்குப் போனான். "எதாவது வேணும்னா சொல்லு" என்பான் ஒவ்வொரு தடவையும். அவள் யோசித்துப் பார்ப்பாள். ஏதாவது என்று சொல்லும்படியாக அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது யாராவது திரும்பிப் பார்த்தால் போதும். அதை எப்படி ஒருவரிடம் கேட்பது?

வந்த ஆட்களாலும் அது முடியவில்லை. அவர்கள் எல்லோரும் இல்லாத ஒரு கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு நிறைய ஜனம், யாருடைய பார்வையும் அவள்மேல் இல்லை. நெரிசலான பஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல அவள் தனியே சாப்பிட்டு எழுந்தாள். மூத்தவள் வரும்வரை இப்படித்தான்.

மூத்தவள் ஒரு பல் டாக்டரின் அக்கா. பல் டாக்டர் புதிதாகக் கிளினிக் திறந்த அன்றைக்கு எடுத்த படம் அது. டாக்டர் வெள்ளைக் கோட்டோடு நடுவில், சுற்றிலும் உறவுக்காரர்கள், வலது ஓரத்தில் மூத்தவள். அதன்பின் அவர்களுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனார். துக்கத்துக்கு வந்த கூட்டத்தின் நடுவே மூத்தவள் தங்கையைப் பார்த்து, நீ பக்கத்தில் இருந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று சொல்லிவிட்டாள். தங்கை மறுவாரமே ஸ்டூடியோவுக்கு வந்து, "ரைட் சைடு கடைசி ஆள எடுத்துடுங்க" என்றாள். யார் என்று சொல்லவில்லை. டச்சப் அக்கா கேள்வி கேட்கிற பழக்கமில்லாதவள். வெட்டி, தனி லேயரில் வைத்து, அந்த இடத்தில் ஒரு தொட்டிச்செடியை நகர்த்தி நிறுத்தி, லேயரின் கண்ணை மூடினாள்.

அந்தப் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள். மூத்தவள் மட்டும் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைச் சற்றே சாய்த்து, உதடு சிரிப்பதற்குமுன் கண் சிரித்துவிட்ட அந்த ஒரு நொடியில் கேமரா அவளைப் பிடித்திருந்தது. தான் சோறூட்டி வளர்த்த ஒன்று எழுந்து நின்று டாக்டராகிவிட்டதைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையோடுதான் அவள் வந்து கூடத்து ஜன்னலோரம் நின்றாள். அன்றைக்கு அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது, அந்தப் பார்வை விழும் இடத்தைத் தற்செயலாகக் கடந்தாள். கடந்தவள் நின்றாள். இரண்டடி பின்னால் வந்து மறுபடி அங்கேயே நின்றாள். யாரோ மொத்த உடம்பிலும் வெந்நீரை மெதுவாக ஊற்றியதுபோல இருந்தது. பிறகு ஒரு நாற்காலியை இழுத்து வந்து, முன்னும் பின்னும் நகர்த்தி, பார்வை சரியாகத் தன் முகத்தில் விழும் இடத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

அந்த நாற்காலி அப்புறம் நகரவில்லை. அதில் உட்கார்ந்து சாப்பிட்டாள், தலை வாரினாள், பட்டன் தைத்தாள். அன்றைக்குக் கடையில் நடந்ததைச் சொன்னாள். முதலில் மனசுக்குள், பிறகு வாய்விட்டு. ஆல்பக்காரர் ஒரு கல்யாண ஜோடியில் மாப்பிள்ளையின் தலையை மாற்றி வைத்துவிட்டதை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் சேவ் செய்யாமலே முழு நாளும் வேலை பார்த்துக் கரண்ட் போனதும் கதறியதை, பத்து நிமிஷத்துக்கொருமுறை இரண்டு விரலால் சேவ் செய்யும் அந்தக் குறுக்குச் சாவியைத் தட்டு, மூச்சு விடுவதுபோலப் பழகிக்கொள் என்று தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததை. சொல்லும்போது மூத்தவளின் முகம், பரவாயில்லையே, இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறாயே என்றது. அது வேறொருத்திக்கான பார்வை என்று அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன சால்வையைக் குளிருக்குப் போர்த்திக்கொள்கிறோமே, அதுபோல. உடையவள் வரும்போது கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டாள். வருடங்கள் போயின. அவள் கண்ணாடி போட்டாள். கண்ணாடியின் பவரை ஒருமுறை ஏற்றினாள். கடைக்குப் பெரிய திரை வந்தது. கூடத்தில் ஆட்கள் கூடினார்கள். வேறு ஏதோ ஊரில் நிஜமான மூத்தவள் நோயில் படுத்து இறந்துபோனாள். அந்தச் சாயங்காலமும் ஜன்னலோரத்தில் நின்றவளின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அக்காவும் அன்றைக்கு வழக்கம்போல உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பல் டாக்டர் மறுபடி கடைக்கு வந்தபோது அவளுக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. முன்பு எடுக்கச் சொன்ன படத்தைத் திருப்பிப் பழையபடி ஆக்கமுடியுமா என்று கேட்டாள். அவளிடமிருந்த ஒரிஜினலிலும் அந்த இடம் வெளுத்துப் போயிருந்தது. அது இயல்புதான். ஒரு ஆள் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்கமுடியும் என்பதில் படங்கள் கறாராக இருந்தன. ஆள் அக்காவின் வீட்டுக்கு வந்துவிட்டால் உலகத்திலிருக்கும் எல்லா நகலிலும் அந்த இடம் வெள்ளையாகிவிடும். கண் அடையாளத்தைத் திறந்துவிட்டால் ஆள் படத்துக்குப் போய்விடுவார், வீட்டில் இருக்கமாட்டார். சைக்கிள்காரரை வைத்து அவள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள்.

"பெரியவங்க ஆனப்புறம் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்குற படம் அது ஒண்ணுதாங்க" என்றாள் டாக்டர்.

ஆல்பக்காரர் வாயைத் திறந்தார். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"அந்த டிஸ்க் போயிடுச்சு டாக்டர்" என்றாள் அக்கா. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

டாக்டர் தலையாட்டினாள். போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அன்னிக்கு அவ சிரிச்சாளா, கேமராவைப் பார்த்தாளா, எதுவுமே ஞாபகம் இல்ல. படம் கைக்கு வந்ததும் என் தலைமுடி ஒழுங்கா இருக்கான்னுதான் பார்த்தேன். அப்புறம் எடுத்துடச் சொல்லிட்டேன். அவ மூஞ்சிய நான் பார்க்கவே இல்ல பாருங்க." கொஞ்ச நேரம் திரையில் ஓடிய யாரோ ஒருவரின் பிறந்தநாள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கோவமாத்தான் இருந்திருப்பா. எப்பவுமே கோவம்தான் அவளுக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கண்ணாடிக் கதவு மூடியதும் ஆல்பக்காரர் தன் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "போன டிஸ்க்கு தினமும் பையில ஏறி வந்துட்டுப் போகுதே. கால் கீல் முளைச்சிடுச்சோ?"

அன்றைக்கு அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள், பார்வை விழுந்தது, முதல் தடவையாக அது சுட்டது. கோவமாத்தான் இருந்திருப்பா. இந்த முகத்தையா அவள் அப்படி நினைத்துக்கொண்டு பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள்? அக்கா எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தாள். வேறு இடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அங்கேயிருந்து பார்த்தால் மூத்தவள் காலி நாற்காலியைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது. சால்வைக்காரி வந்து கேட்டுவிட்டாள், நான் இல்லை என்றுவிட்டேன் என்று நினைத்தாள். அப்புறம், எனக்கு மட்டும் யார் இருக்கிறார்கள் என்றும் நினைத்தாள். இரண்டும் உண்மையாக இருந்ததால் இரண்டுக்கும் நடுவில் படுத்துத் தூங்கிப்போனாள்.

மறுநாள் தொழில்காரிக்குத் தோன்றுகிற முதல் உபாயம் அவளுக்கும் தோன்றியது. லேயரை நகலெடுத்தால் போகிறது. டாக்டருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. இரண்டு சாவியை அழுத்தினால் முடிகிற வேலை. செய்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். ஜன்னலோரம் இரண்டு மூத்தவள்கள் நின்றிருந்தார்கள். ஒரே உடை, ஒரே தலைச்சாய்வு. ஆனால் ஒருத்தியின் பார்வை சுவரில் மாட்டிய காலண்டரிலும் இன்னொருத்தியுடையது கதவுத் தாழ்ப்பாளிலும் விழுந்தது. நாற்காலியை எங்கே போட்டாலும் இருவரும் யாரையும் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இரட்டைப் பிறவிகள்போல இருந்தார்கள். கண்ணும் மூக்கும் நகலில் வந்திருந்தன, அந்தப் பார்வை வந்திருக்கவில்லை. அடுத்த நாள் காலையில் கடையைத் திறந்ததும் அவள் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு லேயரை அழித்தாள். நிச்சயம்தானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் போனால் மீதியிருந்தவளின் பார்வை பழையபடி நாற்காலிக்கு வந்திருந்தது. அன்றைக்கு அவள் அதில் நெடுநேரம் உட்கார்ந்தாள். கடைசியில், "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். வரமாட்டாள் என்று தெரிந்தும் அப்படித்தானே சொல்லமுடியும்.

டாக்டரைக் கூப்பிட்டு, டிஸ்க் கிடைத்துவிட்டது என்றாள். டாக்டர் கிளினிக் கோட்டைக் கழற்றாமலே வந்து அவளுக்குப் பின்னால் நின்றாள். அக்கா தொட்டிச்செடியின் லேயரை மறைத்தாள். அங்கே பள்ளம் தெரிந்தது. மூத்தவளின் லேயருக்கு எதிரே மூடியிருந்த கண்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். பக்கத்தில் ஆல்பக்காரர் மவுஸை உருட்டுவதை நிறுத்தியிருந்தார். தட்டினாள்.

டாக்டர் குனிந்து திரைக்கு ரொம்பக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள், நோயாளியின் வாய்க்குள் பார்க்கிறவள்போல.

"எங்க பார்க்குறா இவ?" என்றாள்.

"உங்களத்தான்."

"என்னையா?"

"அந்த வரிசையில வேற யார் இருக்கா டாக்டர்?"

டாக்டர் விரலால் திரையில் மூத்தவளின் கண்ணிலிருந்து தன் கன்னம்வரை ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். இன்னொருமுறை இழுத்தாள். திரையில் கைரேகை படிந்தது. டச்சப் அக்கா அதைத் துடைக்கவில்லை. பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தாள். டாக்டர் கவரைத் திறந்த கையோடே கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டு வெளியே போனாள். அக்கா வீட்டுக்குப் போனாள். ஜன்னலோரம் ஜன்னல் மட்டும் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். எதிர்வீட்டுக் கொடியில் துணி காய்வது தெரிந்தது. இத்தனை வருடமாக அங்கே ஒரு கொடி இருந்ததே அவளுக்குத் தெரியாது.

அதோடு நின்றிருந்தால் ஒரு நாற்காலிதான் காலியாகியிருக்கும். டாக்டர் அந்தப் படத்தைக் கிளினிக்கில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னாள். வாய் திறந்திருப்பவர்களால் குறுக்கே பேச முடியாது. எல்லோரும் முழுசாகக் கேட்டார்கள். அந்த ஸ்டூடியோவில் வெட்டியது எதுவும் வீணாகவில்லையாம் என்று ஊர் முழுக்கப் பேச்சாயிற்று. முதலில் கோட்டுக்காரரின் மகள் வந்தாள். அப்பாவின் முகம் வேண்டும் என்றாள், கையில் வெயில் ஏன் இந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்கவில்லை. சண்டை போட்டவனைத் தேடி நண்பர்கள் வந்தார்கள், தலை வழுக்கையாகி, கொஞ்சம் வெட்கத்தோடு. வேலையை விட்டுப்போன மேலாளரை அலுவலகத்தார் திரும்பக் கேட்டார்கள். அக்கா ஒவ்வொரு கண்ணாகத் திறந்தாள். ஒருமுறை கொடுத்தபின் இல்லை என்று சொல்லும் வாய் அவளுக்குப் போய்விட்டது. வீட்டில் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கடைசியில் வழிப்போக்கர்கள் மிஞ்சினார்கள். அவர்களை யாருக்கும் தெரியாது, யார் கேட்பார்கள்? சைக்கிள்காரர் இருந்தார். கட்டம் கட்டமாக முகமுடைய ஒரு அம்மாள் இருந்தார். கரண்ட் போனால் காய் நறுக்க வெளிச்சம் போதவில்லை. அக்கா ஒரு டார்ச் வாங்கினாள். வீட்டுக்காரம்மா மாடியேறி வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா எல்லாரும் காலி பண்ணிட்டாங்களா? வீடு என்னமோ மாதிரி இருக்கு" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

படத்தொழில் செய்கிறவர்களுக்குப் போனில் ஒரு குரூப் இருந்தது. பல ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள். ஆட்களைத் திருப்பிக் கொடுக்கும் ஸ்டூடியோவைப் பற்றிக் கேள்விப்பட்டு, எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். அக்காவுக்கு எழுதுவதில் கூச்சம், இருந்தாலும் எழுதினாள். ஒரிஜினலைத் தொடாதீர்கள், வெட்டியதை அழிக்காதீர்கள், லேயருக்குப் பெயர் வையுங்கள், இல்லையென்றால் நாளைக்கு உங்களுக்கே யார் யாரென்று தெரியாது, ஃபைல் இரண்டு இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று நீங்கள் தூங்கும் வீடாக இருக்கட்டும். எழுதியதற்கு மேலே வட்டத்துக்குள் அவளுடைய சின்னப் படம் இருந்தது. மறுநாள் மத்தியானம் வேறு ஊரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அங்கே ஒரு ஸ்டூடியோவில் இதே வேலை செய்கிறவள், இவளைப்போலவே எதையும் அழிக்காதவள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க போட்டோவ குரூப்ல பார்த்தேன். நீங்க எங்க வீட்லதான் இருக்கீங்க."

அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "எங்க?"

"ஹால்ல. எங்கம்மா கட்டிலுக்குப் பக்கத்துல. பச்சை கலர் டிரெஸ். ரெண்டு கை நிறைய ஹேண்ட்பேக் மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் அந்த ஊரில் புது வீடு கட்டி முடித்த அன்றைக்கு எடுத்த படம். எல்லோரும் வாசலில் வரிசையாக நின்றபோது, தானும் நிற்பதா வேண்டாமா என்று அவள் தயங்கினாள். "நீங்களும் வாங்க" என்று அண்ணி கூப்பிட்டாள். பைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெண்கள் ஆளாளுக்கு அவள் கையில் மாட்டினார்கள். அவற்றோடு ஓரத்தில் போய் நின்றாள்.

"யாரு எடுக்கச் சொன்னது?"

அந்தப் பெண் தயங்கினாள். "படத்துல இருக்குற புது வீட்டுக்காரர்தான் வந்தாருக்கா. பொண்ணுக்கு வரன் பார்க்குறோம், படத்தை அனுப்பணும், யாரு என்னன்னு கேள்வி வரும்னார். உங்க பேரெல்லாம் சொல்லல. ஓரத்துல பை வச்சுக்கிட்டு நிக்கிறவங்கன்னு மட்டும்தான் சொன்னார்."

ஓரத்தில் நிற்கிறவங்க. எத்தனை பேர் வாயிலிருந்து அவளே அதைக் கேட்டு, தலையாட்டி, கருவியைக் கையில் எடுத்திருப்பாள். வலிக்கும் என்று காத்திருந்தாள். வலித்தது. ஆனால் அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. வருடக்கணக்காகக் காணாமல் தேடிய ஒன்று, பத்திரமாகத்தான் இருக்கிறது என்று யாரோ போன் செய்து சொன்னதுபோல.

"அனுப்பி வைக்கட்டுமாக்கா? லேயர் அப்படியே இருக்கு. இல்ல, அவர்கிட்ட பேசிக் கண்ணைத் திறந்து குடுத்துடவா?"

"நான் அங்க இருக்குறது அம்மாவுக்குத் தொந்தரவா இருக்கா?"

"ஐயோ, தொந்தரவா? இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்ததுலேர்ந்து அவங்களுக்குப் பேச்சே உங்ககிட்டதான். நான் காலைல கடைக்குப் போனா சாயங்காலம்தானே வரேன். நீங்க போயிட்டா அவங்க..."

அக்கா வாசல் கண்ணாடிக்கு அந்தப்புறம் தெருவைப் பார்த்தாள். ஆல்பக்காரர் டீ குடித்துவிட்டு வாயைத் துடைத்தபடி வந்துகொண்டிருந்தார்.

"அப்போ இருக்கட்டும்" என்றாள். "ஒண்ணு மட்டும் பண்ணும்மா. அந்தப் பைங்கள வெட்டித் தனி லேயரா வச்சுடு. ரொம்ப நேரமா தூக்கிக்கிட்டு இருக்கேன்."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது தோள்பட்டை லேசாக இருந்ததாக அவள் பின்னால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வீட்டில் வழிப்போக்கர்கள்தான் இருந்தார்கள். நாற்காலியை ஜன்னல் பக்கமிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் சேர்த்தாள். அண்ணன் மகளுக்கு வரன் அமைந்த செய்தி பிறகு வந்தது. வாழ்த்துச் சொன்னாள், படம் நன்றாக இருந்தது என்றாள். அண்ணன் எந்தப் படம் என்று கேட்காமலே, எதாவது வேணும்னா சொல்லு என்றான்.

அந்த ஊர்ப் பெண்ணின் அம்மா இப்போது அவ்வப்போது போன் செய்கிறார். முதல் தடவை பேசும்போதே அவருக்கு அறிமுகம் தேவைப்படவில்லை. விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். மகள் சாம்பாரில் உப்பு கூடப் போடுகிறாள் என்பதை நீயே ஒப்புக்கொண்டாய் என்றார். அக்கா, அப்படியானால் கூடத்தான் இருந்திருக்கும் என்றாள். இடுப்பு வலி, ஜன்னலில் வந்து உட்காரும் பூனை, செத்துப்போன கணவரின் குறட்டை எல்லாம் அவள் ஏற்கெனவே கேட்டு முடித்த விஷயங்களாகவே வரும். அவளும் ஆமாம், ஆமாம் என்று கேட்டுக்கொள்வாள். போன வாரம் மட்டும் அவர் குரலில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது.

"நேத்து அவ்ளோ பெரிய விஷயம் உன்கிட்ட சொன்னேன். ஒரு வார்த்தை பதில் பேசல நீ. கல்லு மாதிரி நின்னே."

"கோவிச்சுக்காதீங்கம்மா" என்றாள் அக்கா. "நேத்து ஏதோ யோசனையில இருந்திருப்பேன். இப்போ சொல்லுங்க."